காக்கையை யார் எண்ணுவது?

பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் கண்மாய்க் கரையிலும் மொட்டைமாடியிலும் நின்று பறவைகளை எண்ணுகிறார்கள். 2015இல் தொடங்கிய வழக்கம் இது. குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் இபேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். கட்டணம் கிடையாது, படிப்புத் தகுதி கேட்பதில்லை. கைப்பேசி இருந்தால் போதும். இந்த எளிமைதான் கணக்கெடுப்பின் பலம். அதில் விழும் ஓட்டைகளுக்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

முதலில் பலத்தைப் பார்ப்போம். இந்த முறையின் உயிர்நாடி முழுப் பட்டியல். கண்ணில் பட்ட, காதில் விழுந்த, அடையாளம் தெரிந்த எல்லா இனங்களையும் எழுதிவிட்டால், எழுதாத இனம் அன்று அங்கே தென்படவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்ளலாம். நூறு பட்டியலில் எத்தனையில் சிட்டுக்குருவி இருக்கிறது என்ற விகிதத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால் அதன் போக்கு பிடிபடும். இப்படித்தான் 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுவதும் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைகிறது என்று சொன்னது. செல்போன் கோபுரம்தான் குருவியைக் கொன்றது என்பதற்குச் சான்றில்லை என்றும் சொன்னது. கோபுரங்களால் பறவைகள் சாவதாகக் காட்டிய ‘2.0’ படம் பார்த்துக் கண்கலங்கியவர்கள் இதை எத்தனை பேர் படித்தார்களோ!

இனி ஒரு பட்டியலைத் திறந்து பாருங்கள். பூநாரை 43, கரண்டிவாயன் 12, பட்டைத்தலை வாத்து 7. கீழே இறங்கினால் காகம் எக்ஸ், மைனா எக்ஸ், மாடப்புறா எக்ஸ். ‘இருந்தது, எண்ணவில்லை’ என்பதற்கான குறி அது. தளமே அனுமதிக்கிறது என்பதால் விதிமீறலும் இல்லை. விகிதம் கணிக்க எக்ஸ் போதும். ஆனால் ஊரில் 200 காகம் 40ஆகச் சுருங்கினாலும் எக்ஸ் எக்ஸாகவே இருக்கும். பட்டியல்களிலிருந்தே காகம் விடுபடத் தொடங்கும்போதுதான் விஷயம் வெளியே தெரியும்.

பாறுக் கழுகுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகும் இப்படி அசட்டையாக இருக்கலாமா? 1980களில் வெண்முதுகுப் பாறு காக்கையைப் போலவே சாதாரணப் பறவை. செத்த மாடு கிடந்தால் கூட்டமாக வந்து இறங்கும். 1990களின் தொடக்கத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் சாலை வழியே வண்டியில் போய் எடுத்த கணக்கு ஒன்று இருந்தது. 2000த்திலும் அதன் பின்பும் அதே சாலைகளில் திரும்பப் போனார்கள். 1992இல் ஆயிரம் இருந்தால் 2007இல் ஒன்றுதான் மிச்சம் என்ற அளவுக்குச் சரிவு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. கால்நடைக்கு அந்த மருந்தைத் தருவது 2006இல் தடை செய்யப்பட்டது. சரிவின் அளவு தெரிந்ததற்கு அடித்தளம், அபூர்வப் பறவையைத் தேடாமல் அதே தடத்தில் சலிக்காமல் எடுத்த எண்ணிக்கை.

தன்னார்வக் கணக்கெடுப்பில் அந்தச் சலியாமை குறைவு. வேடந்தாங்கல், பள்ளிக்கரணை, கூந்தன்குளம் என்று போகிறவர்களின் எண்ணிக்கையில் சிறு பங்குகூடத் தேரிக்காட்டுக்கும் சீமைக்கருவேலம் மண்டிய பொட்டலுக்கும் போவதில்லை. இருட்டிய பிறகு வெளிவரும் பக்கிக்கும் ஆந்தைக்கும் காலை நடை உதவாது. அதே நிலை அறிக்கையின் 2023 பதிப்பு 942 இனங்களை எடுத்துக்கொண்டது. அதில் 338க்கு மட்டுமே நீண்டகாலப் போக்கைச் சொல்ல முடிந்தது. அவற்றிலும் 204 சரிவில் இருக்கின்றன. மற்ற 604 இனங்கள் பெருகுகின்றனவா அழிகின்றனவா என்று சொல்லுமளவுக்குத் தரவு சேரவில்லை. இத்தனை லட்சம் பதிவுகளுக்குப் பிறகும் இதுதான் நிலை.

  

பிடித்த இடங்களுக்கே ஆள் போகும் இந்தச் சாய்வுக்கு வழி தேடியவர்கள் கேரளத்தார். 2015 முதல் 2020 வரை அவர்கள் எடுத்த பறவை வரைபடத்தில், எங்கே போவது என்பதை நோக்கர்கள் முடிவு செய்யவில்லை. மாநிலத்தைக் கட்டம் கட்டிச் சீட்டுக் குலுக்குவதுபோல் இடம் தேர்ந்தார்கள். விழுந்த கட்டம் ரப்பர் தோட்டமோ கடைத்தெருவோ, மழைக்காலத்தில் ஒரு முறை, வறண்ட காலத்தில் ஒரு முறை அங்கே போனார்கள். 361 இனங்கள், சுமார் 3 லட்சம் பதிவுகள் கிடைத்தன. செய்தவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். ஆகவே ஆர்வலர்களை அலுப்பான இடத்துக்கு அனுப்ப முடியாது என்ற சமாதானம் எனக்கு ஏற்புடையதல்ல.

ஆனால் ஒரு முறை எடுத்த வரைபடம் பறவைகள் இன்று எங்கே இருக்கின்றன என்று காட்டும். கூடுகின்றனவா குறைகின்றனவா என்று காட்டாது. அதற்கு அதே கட்டங்களுக்குத் திரும்பத் திரும்ப ஆள் போக வேண்டும். பொங்கலோ ஆண்டு தவறாமல் வருகிறது. மாவட்டத்துக்குப் பத்துக் கட்டம் குலுக்கிப் போட்டு, ஆண்டுதோறும் அங்கேயே போகச் சொல்லி, காகத்துக்கும் எண் கேட்டால், இப்போது வருகிற அதே ஆட்கள் போதும்.