மட்கலையும் மண் பிசைந்த கைகளும்

இக்கால மட்கலைஞரைப் பற்றி எழுதுவோர் தவறாது கேட்கும் கேள்வியொன்றுண்டு: உங்கள் படைப்பின் அகத்தூண்டுதல் எங்கிருந்து பிறந்தது? கடலிலிருந்து, காட்டிலிருந்து, பாட்டியின் அடுக்களையிலிருந்து என்று விடைகள் வரும். கேள்வியும் தவறன்று, விடைகளும் பொய்யல்ல. ஆயின், மண்ணைக் கலையாக்குபவரின் உள்ளத்தை இவ்வளவு ஆவலோடு துருவும் விமர்சனம், மண்ணைத் தொழிலாகக் கொண்டவரின் பெயரையேனும் கேட்டதுண்டா?

கொழும்பையே எடுத்துக்கொள்வோம். இந்நகரிலே அதிகமாகப் புழங்கும் கைவினைக் கலம் காட்சிச்சாலைப் பீடத்தில் இருப்பதன்று. எருமைத் தயிர்ச் சட்டியே அது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைவாசல்களில் அடுக்கப்பட்டிருக்கும் அச்சட்டி, எங்கோ ஒரு சிற்றூரிலே மண் மிதித்து, வனைந்து, உலர்த்தி, சூளையிலிட்டுச் சுட்ட பொருள். தயிர் தீர்ந்ததும் அது குப்பைக்குப் போகிறது. தைப்பொங்கலன்று பானைக்கு மாத்திரம் ஒருநாள் மரியாதை கிடைக்கிறது. இஞ்சியும் மஞ்சளும் கட்டிக் கும்பிடுகிறோம். பானையைக் கும்பிட்ட சமுதாயம் பானை வனைந்தவனை எங்கே நிறுத்தியது? தொழிலின் பெயரைச் சாதியின் பெயராக்கிற்று. அத்தொழிலைக் கைவிடுவதே விமோசனம் என்று அவன் பிள்ளைகள் எண்ணும் நிலையையும் உண்டாக்கிற்று.

இது நேற்றைய கதையுமன்று. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய பாட்டு, புறநானூற்றிலே 228 ஆவதாக உள்ளது. ஈமத்தாழி வனையும் குயவனை விளித்தே அது அமைந்திருக்கிறது. மன்னன் பெயர் தெரியும். புலவர் பெயர் தெரியும். விளிக்கப்பட்டவன் பெயர் தெரியாது. அதே தொகையிலே 66 ஆம் பாட்டைப் பாடியவரை வெண்ணிக் குயத்தியார் என்கிறோம். வெண்ணி அவருடைய ஊர்; குயத்தி என்பது அவருடைய தொழிற்குலம். சொந்தப் பெயர் எங்கே போயிற்று?

இந்தப் பெயரின்மையையே ஒரு பேறாகப் போற்றிய அறிஞரும் உளர். இங்கிலாந்திலே வில்லியம் மொரிஸ், உழைப்பு மனிதனுக்கு மகிழ்ச்சி தரவேண்டும் என்றார். அதற்குத் தடை முதலாளித்துவமே என்று கண்டு சோஷலிசத்திற்கு வந்தார். கொழும்பிலே 1877 இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, மொரிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே தமது 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூலை 1908 இல் அச்சிட்டவர். இந்நாட்டுக் குயவர் முதலான கைவினைஞரின் தொழில் நுணுக்கங்களை அந்நூல் மதிப்போடு பதிவு செய்தது. அப்பணி பெரிது, அதை மறுப்பது நன்றிகேடு. எனினும் மொரிஸின் கைவினைப் பற்றை ஏற்ற குமாரசுவாமி, மொரிஸின் சோஷலிசத்தை ஏற்கவில்லை. பிற்காலத்திலே சாதி அமைப்புக்குத் தத்துவ நியாயமும் கற்பித்தார்.

யப்பானிலே யனகி சோயெட்சு, பெயரறியாக் கைவினைஞனின் கையிலேதான் மெய்யான அழகு பிறக்கிறது என்றார். அவருடைய நண்பரான ஹமாடா ஷோஜி தம் கலங்களில் ஒப்பமிடுவதையே நிறுத்திக்கொண்டார். விளைவென்ன? ஒப்பமில்லாத கலங்களும் ஹமாடாவின் கலங்கள் என்றே விலைபோயின. பெயரைத் துறப்பது பெயருடையவனுக்கே இயலும். பெயரே தரப்படாதவனின் நிலை துறவன்று, அது பறிமுதல்.

ரமேஷ் மாரியோ நித்தியேந்திரனின் ஆக்கங்களை இந்தப் பின்னணியில் வைத்தே நோக்கவேண்டும். 1988 இற் கொழும்பிலே பிறந்து, போர்க்காலமாகிய 1989 இல் குழந்தையாக அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, சிட்னியில் வளர்ந்த தமிழர் இவர். 2015 இல் சிட்னி மையர் நிதியத்தின் மட்கலைப் பரிசைப் பெற்றார். 2016 இற் கன்பராவின் தேசிய ஓவியக்கூடத்தில் 'மண் மனிதர்' என்ற காட்சியையும், 2023 இற் கிளாஸ்கோ நகரின் டிராம்வே கலைக்கூடத்தில் 'மண்ணாலும் நீராலுமான விக்கிரகங்கள்' என்ற காட்சியையும் அமைத்தார்.

இவருடைய உருவங்கள் பல்லை இளிக்கின்றன. பல கைகளோடும் பல முகங்களோடும் நிற்கின்றன. ஆண், பெண் என்ற வரம்புக்குள் அடங்க மறுக்கின்றன. பளபளக்கும் வண்ணப் பூச்சுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வழிந்து உறைந்திருக்கின்றன. பிசைந்த கையின் தடம் மேற்பரப்பிலேயே தெரிகிறது. இந்து, கிறித்தவ மரபுகள் இரண்டும் தம் ஊற்றுக்கள் என்று கூறும் இவர், தாம் கடவுள் நம்பிக்கை அற்றவர் என்றும் கூறியிருக்கிறார்.

கொட்டாஞ்சேனையை அறிந்தோருக்கு இக்கலப்பு வியப்பூட்டாது. சாந்த லூசியா பேராலயமும், கருங்கல்லாலான பொன்னம்பலவாணேசர் கோயிலும், தீபதுத்தாராமய விகாரையும் அங்கே அண்டை அயலாக நிற்கின்றன. 1883 இல் மதக் கலவரம் மூண்டதும் அவ்விடத்திலேதான். நித்தியேந்திரன் அத்தெருக்களில் வளர்ந்தவரல்லர். எனினும், தனித்தனியே காவல் காக்கப்படும் தெய்வங்களை ஒரே மண்ணிற் பிசைவது, அத்தகைய வரலாறு உடைய நாட்டிலே வெறும் விளையாட்டாகாது.

இவருடைய சாதனை என நான் கருதுவது இதுவே: கல்லுக்கும் வெண்கலத்துக்கும் உள்ள உயர்வை மண்ணுக்கும் உரியதாக்குகிறார், செய்த கையை மறைக்க மறுக்கிறார். மெருகேறிய பீங்கான் கோப்பை தன்னைச் செய்தவர் எவருமில்லை என்பதுபோல நிற்கும். இவருடைய பொம்மையோ, தன்னை ஒருவன் செய்தான் என்று கூவுகிறது.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. மண்ணாலான தெய்வம் தமிழருக்குப் புதிதன்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலே அய்யனாருக்கு ஆளுயரக் குதிரைகளை வனைந்து சுட்டு நிறுத்தும் வேளார், தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துவருகின்றனர். மழையிலும் வெயிலிலும் அக்குதிரைகள் சிதையும். மறுபடி புதியன வரும். அருங்காட்சியக மண்டபத்திலே நிற்கும் விக்கிரகத்தைக் கண்டு இந்து மரபு, கிறித்தவ மரபு என்று பேசுகிற விமர்சனம், குயவர் மரபு என்று பேசுவதில்லை. மதம் ஊற்றாகக் கொள்ளப்படுகிறது, உழைப்பு மறக்கப்படுகிறது. இக்குறை கலைஞரைவிட விமர்சகருக்கே அதிகம் உரியது.

வேறு வழி இருந்ததா? நைஜீரியாவிலே இன்று சுலேஜா எனப்படும் அபுஜாவில், ஆங்கிலேயரான மைக்கேல் கார்டியூ ஒரு மட்கலைப் பயிற்சி நிலையத்தை நிறுவினார். குவாலி என்ற ஊரின் மரபிலே குடம் வனைந்துவந்த லாடி குவாலி 1954 இல் அங்கே சேர்ந்தார். தம் ஊரின் வடிவங்களைக் கைவிடாமலே பூச்சும் உயர்வெப்பச் சூளையும் பழகினார். இன்று நைஜீரியாவின் 20 நைரா நாணயத்தாளில் அவருடைய உருவம் இருக்கிறது. அந்நிலையம் குடியேற்ற ஆட்சியின் நிறுவனமே என்பதை மறக்கவேண்டியதில்லை. எனினும் மரபின் உரிமையாளரே, சொந்தப் பெயரோடு, கலைஞராக ஏற்கப்பட்டார்.

நம் நாட்டிலே மண்ணுக்குக் குறைவில்லை. கொழும்பின் எல்லையிலேயே, பொரலஸ்கமுவையில், வெண்களி உண்டு. மாத்தளையிலே 1972 இல் தொடங்கிய பீங்கான் ஆலை உலகச் சந்தைக்குத் தட்டும் கோப்பையும் அனுப்பிற்று. அடியிலே நிறுவனத்தின் முத்திரை இருக்கும், தொழிலாளியின் பெயர் இராது. சிற்றூர்க் குயவனும் ஆலைத் தொழிலாளியும் இவ்விடத்திலே ஒரே வரிசையினர்.

ஆகவே சித்திர பாடம் கற்பிக்கும் ஆசிரியரிடமும் கலையை விரும்பும் மாணவரிடமும் நாம் வேண்டுவது பெரிதன்று. நித்தியேந்திரனின் உருவங்களைப் படத்திலேனும் காட்டுங்கள்; அவற்றோடு வனைதொழில் அறிந்த ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். அவரை வேடிக்கை காட்டுபவராக அல்ல, உரிய வேதனம் பெறும் ஆசிரியராக அழையுங்கள். அவருடைய பெயரைக் கரும்பலகையில் எழுதுங்கள். மண் எங்கே வெட்டப்படுகிறது, விறகு என்ன விலை, நூறு சட்டிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று மாணவர் கேட்கட்டும். அகத்தூண்டுதல் பற்றிய கேள்வியை அதன்பிறகு கேட்கலாம்.