பாத்திரமும் போதனையும்: 'ஹம் லோக்' தொடர்நாடகத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

தொலைக்காட்சித் தொடர்நாடகத்தைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வதில் எம்மிடையே இன்றும் தயக்கம் நிலவுகின்றது. முற்போக்குத் திறனாய்வாளர் அதனை மக்களை மயக்கும் நுகர்பொருள் என ஒதுக்கிவிடுகின்றனர். தொடர்பியல் துறையினரோ அது எத்தனை பேரைச் சென்றடைந்தது, எச்செய்தியைக் கொண்டுசென்றது எனக் கணக்கெடுப்பதோடு அமைந்துவிடுகின்றனர். அந்நாடகம் எவ்வாறு எழுதப்பட்டது என்பதை இரு சாராருமே கவனிப்பதில்லை. ஆனால் நாடகத்தின் சமூகத் தாக்கம் அதன் எழுத்துமுறையினுள்ளேயே பெருமளவு தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது என்பது எமது கருத்து. இதனை விளக்குதற்கு, நற்செய்தியொன்றைப் பரப்புவதற்கெனவே திட்டமிடப்பட்டு, திட்டமிட்டோர் எதிர்பாராத திசையிற் சென்ற இந்தி நாடகமொன்றை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

'ஹம் லோக்' என்னும் அந்நாடகம் 1984 ஜூலை 7 ஆந் திகதி தூரதர்ஷனில் ஆரம்பமாகி 1985 டிசம்பர் வரை ஏறத்தாழப் பதினேழு மாதங்கள் ஒளிபரப்பாயிற்று. எழுதியவர் இந்தி நாவலாசிரியரும் பத்திரிகையாசிரியருமான மனோகர் ஷியாம் ஜோஷி (1933–2006). நெறியாள்கை பி. குமார் வாசுதேவ். இந்நாடகத்தின் கரு இலத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தது. பெரு நாட்டில் 1969 முதல் ஒளிபரப்பான 'சிம்பிளமென்ரே மரியா' என்ற தொடரிலே, வேலைக்காரப் பெண்ணொருத்தி தையல் கற்று உயர்வடைந்தாள். அதனைப் பார்த்த பெண்கள் தையல் வகுப்புகளுக்குச் சென்றனர். சிங்கர் தையல் இயந்திரங்களின் விற்பனையும் பெருகிற்று. இதனைக் கூர்ந்து நோக்கிய மெக்சிக்கோ நாட்டவரான மிகேல் சபிதோ, அவ்விளைவைத் திட்டமிட்டே உண்டாக்கலாம் எனக் கருதினார். முதியோர் எழுத்தறிவு பற்றி 1975இலும் குடும்பக் கட்டுப்பாடு பற்றி 1977இலும் அவர் தொடர்களை உருவாக்கினார். விரும்பத்தக்க நடத்தையுடைய பாத்திரம், வெறுக்கத்தக்க நடத்தையுடைய பாத்திரம், இரண்டுக்குமிடையே தடுமாறும் பாத்திரம் என்பதே அவரது வாய்பாடு. முதலாவது பரிசு பெறும். இரண்டாவது தண்டனை பெறும். தடுமாறுவோனைப் பார்வையாளர் பின்தொடர்வர். இவ்வாய்பாடே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

குடும்பக் கட்டுப்பாட்டுச் செய்தி முதலிற் பலிக்கவில்லை. போதனை மிகுந்துவிட்டது எனப் பார்வையாளர் சலிப்புற, முதற் பதின்மூன்று பகுதிகளின் பின் அது பின்தள்ளப்பட்டு, குடும்ப உறவுகளும் பெண்களின் நிலையும் முன்னணிக்கு வந்தன. ஜோஷியின் உண்மையான எழுத்து இங்குதான் தொடங்கியது எனலாம். குடிகாரத் தந்தை பசேசர் ராம். அவரது வசைக்கும் மாமியாரின் வசைக்கும் ஆளாகியும் எதிர்த்துப் பேசாத தாய் பகவந்தி. சமூகசேவையில் ஈடுபடும் மூத்த மகள் பட்கி. சினிமா நடிகையாகும் கனவினால் வஞ்சிக்கப்படும் இரண்டாவது மகள் மஜ்லி. மருத்துவராக விரும்பும் கடைக்குட்டி சுட்கி. கீழ்மத்தியதர வர்க்கக் குடும்பமொன்றின் நெருக்கடிகள் இத்துணை அண்மையில் வைத்து அதுவரை தூரதர்ஷனிற் காட்டப்பட்டதில்லை. பேசப்பட்ட மொழியும் அறிவிப்பாளரின் சமஸ்கிருதமயப்பட்ட இந்தியன்று. வீட்டிலே புழங்கும் இந்தி. பேச்சுவழக்கை எழுத்திற் கையாண்டமைக்காக 'இழிசனர் வழக்கு' என்ற பழிச்சொல்லை அறுபதுகளிற் சுமந்த ஈழத்து எழுத்தாளர்க்கு இதன் முக்கியத்துவத்தை விளக்கவேண்டியதில்லை.

வாய்பாட்டின்படி பகவந்தி வெறுக்கத்தக்க மாதிரி. அடங்கிப்போகும் பெண்ணுக்கு நேரும் துன்பத்தைக் கண்டு பெண்கள் விழிப்படைவர் என்பது எதிர்பார்ப்பு. பின்னர் அர்விந்த் சிங்காலும் எவரெட் றொஜேர்சும் டில்லி, பூனா, சென்னை ஆகிய நகரங்களில் மேற்கொண்ட ஆய்வோ வேறொன்றைக் காட்டிற்று. பெண்கள் பலர் பகவந்தியையே தாம் பின்பற்றத்தக்கவளாகக் கண்டனர். இதனைப் பார்வையாளரின் அறியாமை எனக் கூறி அப்பாற் செல்வது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. அவர்கள் நாடகத்தைச் சரியாகவே வாசித்தனர்.

தொடர்நாடகத்தின் வடிவத்தை நோக்குவோம். மேடைநாடகம் இரண்டு மணிநேரத்தில் ஒரு முரண்பாட்டை உச்சத்துக்குக் கொண்டுசென்று உடைத்துவிடுகின்றது. இப்சனின் நோறா கதவைச் சாத்திவிட்டு வெளியேறும்போது நாடகம் முடிகின்றது. தொடர்நாடகத்தில் எவரும் அவ்வாறு வெளியேற முடியாது. வெளியேறினால் அடுத்த வாரம் கதையில்லை. எனவே எழுத்தாளன் முரண்பாட்டை உடைக்காது நீட்டிச்செல்லக் கடமைப்பட்டவனாகின்றான். அத்தகைய அமைப்பிலே கதையைத் தாங்கிநிற்கும் பாத்திரம் எது? பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கும் பாத்திரந்தான். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தத்தம் கதையோடு வெளியே போய் வருகின்றனர். அவர்களுடைய செய்திகள் யாவும் வந்துசேரும் இடம் பகவந்தியின் அடுக்களை. பதினேழு மாதங்கள் அவளது பொறுமையைப் பார்த்திருந்தவர்க்கு அப்பொறுமையே நாடகத்தின் அறமாகத் தோன்றியதில் வியப்பில்லை. பொறுமை இங்கு ஒரு குணமாக மாத்திரமன்றி வடிவத்தின் தேவையாகவும் இருக்கின்றது. உள்ளடக்கம் பெண்விடுதலை பேசியபோது உருவம் அதற்கு எதிர்த்திசையில் இயங்கிற்று.

இம்முரண்பாட்டை நாடகக் குழுவினர் ஓரளவு உணர்ந்திருந்தனர் போலும். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் முதிய திரைப்பட நடிகர் அசோக் குமார் தோன்றி, நிகழ்ந்தவற்றை இனிமையாக விளக்கிப் பார்வையாளரைச் சிந்திக்குமாறு வேண்டுவார். எமது பார்வையாளர்க்கு இது தெருக்கூத்தின் கட்டியங்காரனை நினைவூட்டக்கூடும். ஆனால் கட்டியங்காரன் கதைக்குள்ளே நின்று அரசனையும் எள்ளிநகையாடுபவன். அசோக் குமார் கதைக்கு மேலே நின்று நல்லுரை கூறினார். நாடகம் தன் காட்சிகளாற் சொல்ல இயலாதுபோனதை வெளியிலிருந்து மதிப்புக்குரிய ஆண்மகன் ஒருவர் சொல்ல நேர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

பார்வையாளர் எழுதிய கடிதங்கள் ஏறத்தாழ நான்கு இலட்சம் எனக் கணிக்கப்படுகின்றது. அவை கதையின் போக்கையும் பாதித்தன. புற்றுநோயால் இறக்கவேண்டியிருந்த பாட்டி இமர்தி தேவியின் ஆயுள் பார்வையாளரின் வேண்டுகோளுக்கிணங்க நீண்டது. மருமகளை வசைபாடிய மாமியாரையே மக்கள் சாகவிட மறுத்தனர் என்பது சுவையான செய்தி. நன்கு எழுதப்பட்ட பாத்திரம் வாய்பாட்டை மதிப்பதில்லை. பட்கியின் திருமணமும் கடிதங்களில் வலியுறுத்தப்பட்டது. சுதந்திரமான பெண்ணின் மாதிரியாக அமைந்தவளுக்கு நாடகம் வழங்கிய பெரும்பரிசு மருத்துவரொருவரின் கைப்பிடித்ததே. மக்கள் பங்குகொண்ட படைப்பு என இதனைப் போற்றுவோர் உளர். அன்று வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தவர் யார், கடிதமெழுதும் ஓய்வும் எழுத்தறிவும் உடையவர் யார் என்ற வினாக்களை எழுப்பாது அவ்வாறு கூறுவது பொருந்தாது.

பொருளியல் அடித்தளம் பற்றி நீட்டி உரைக்கவேண்டியதில்லை. தூரதர்ஷனில் விளம்பரதாரரின் ஆதரவுடன் வெளியான முதலாவது நெடுந்தொடர் இது. ஆதரவு வழங்கிய நிறுவனம் இரண்டு நிமிடத்தில் ஆக்கப்படும் மாகி நூடில்ஸை இந்தியச் சந்தைக்கு அறிமுகஞ் செய்துகொண்டிருந்தது. பெருவில் தையல் இயந்திரம்; டில்லியில் நூடில்ஸ். குடும்பத்தைச் சிறிதாக்கும் செய்தி பின்தள்ளப்பட்டபோது இந்தச் செய்தி பின்தள்ளப்படவில்லை.

இவ்வளவும் கூறியபின், ஜோஷியைக் குறைகூறுவதாக எம்மை விளங்கிக்கொள்ளலாகாது. பகவந்தியை அவர் வெறுமனே ஓர் எச்சரிக்கைப் பலகையாக எழுதியிருப்பாராயின், அவளைப் பற்றி நாம் இன்று விவாதிக்கக் காரணமே இருந்திராது. எமது விமர்சனம் வாய்பாட்டை நம்பியவர்கள்மீதே. சரியான கருத்தைச் சரியான பாத்திரத்தின் வாயில் வைத்தாற் போதும் என்னும் அந்நம்பிக்கை சபிதோவுக்கு மாத்திரம் உரியதன்று. முற்போக்கு நாடகங்களையும் சிறுகதைகளையும் மதிப்பிட்டபோது எம்மவரும் பலமுறை அவ்வாறே எண்ணினர். இறுதிக் காட்சியில் எழுப்பப்படும் கையை எண்ணினோமேயன்றி, அதற்கு முந்திய காட்சிகளில் வாசகன் யாரோடு வாழ்ந்தான் என்று கேட்கவில்லை.

ஜோஷி அடுத்து எழுதிய 'புனியாத்' (1986) இவ்வகையிற் கவனத்துக்குரியது. றமேஷ் சிப்பி இணைந்து நெறிப்படுத்திய அத்தொடரிலும் பொறுத்துக்கொள்ளும் தாயொருத்தி, லாஜோஜி, நடுவில் நிற்கின்றாள். ஆயினும் அங்கு கதை பிரிவினைக்கு முந்திய பஞ்சாப்பிலிருந்து சுதந்திர இந்தியா வரை நகர்கின்றது. அவள் முதுமையடைகின்றாள், வீட்டை இழக்கின்றாள், அவளது துன்பத்துக்குத் திகதியும் காரணமும் உண்டு. பகவந்தியின் அடுக்களையில் நாட்காட்டி இருக்கவில்லை.