முத்திரை குத்துகிற கை

வீடியோ கேம் கலையா என்று கேட்டால் தோழர்கள் சிரிப்பார்கள். ஆனால் பறையை வெறும் சத்தம் என்று ஒதுக்கியவர்கள் கேட்டதும் இதே மாதிரிக் கேள்விதான். அதனால் நாம கொஞ்சம் நிதானமாகவே கேட்கலாம்.

அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2010இல் அடித்துச் சொன்னார்: விளையாட்டில் விதி உண்டு, புள்ளி உண்டு, ஜெயிக்கலாம், கலையை ஜெயிக்க முடியாது. விளையாடிப் பார்க்காமல் பேசியது தப்பு என்று அதே ஆண்டில் ஒப்புக்கொண்டார். கருத்தை மட்டும் விடவில்லை.

லூகாஸ் போப் ஏறக்குறைய தனி ஆளாக உருவாக்கி 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஆடிப் பாருங்கள். 1982. அர்ஸ்டோட்ஸ்கா என்கிற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடி. குலுக்கலில் வேலை கிடைத்த சோதனை அதிகாரி நீங்கள். வருகிறவரின் தாள்களைப் பார்த்து அனுமதி அல்லது மறுப்பு, ஏதாவதொரு முத்திரை. தலைக்கு இவ்வளவு என்று கூலி. ராத்திரி அந்தக் காசில்தான் வாடகை, சோறு, கணப்பு. ஒருநாள் ஒருவன் வருகிறான், தாள் சரி. பின்னாடி என் பொண்டாட்டி வர்றா, கொஞ்சம் இரக்கம் காட்டுங்க என்கிறான். அவளிடம் நுழைவுச் சீட்டு இல்லை. திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்று கெஞ்சுகிறாள். விட்டால் உங்களுக்கு எச்சரிக்கைச் சீட்டு. தப்பு கூடினால் கூலியில் பிடித்தம்.

நான் அவளைத் திருப்பி அனுப்பினேன். நாவலில் படித்திருந்தால் அந்த அதிகாரியைத் திட்டியிருப்பேன். இங்கே குத்தியது என் கை. ஈபர்ட் குறையாகச் சொன்ன விதியும் புள்ளியும்தான் இந்தப் பிரதியின் மொழி. அதை எடுத்துவிட்டால் இதில் ஒன்றுமே இல்லை.

சாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் மூன்று நாள் நின்றவன் நான். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நாற்காலியில் இந்த விளையாட்டு என்னை உட்கார வைத்துவிட்டது. அவருக்கும் வாடகை உண்டு, பிள்ளை உண்டு என்கிறது. சரி, இருக்கட்டும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு? ரெண்டு வரி பேசிவிட்டுப் போய்விடுகிறாள். ராத்திரிக் கணக்கில் அடுப்பு எரிவது அதிகாரி வீட்டில் மட்டும்தான். எனக்கு இதோடு உள்ள சண்டை இதுதான். கலையா இல்லையா என்பது அல்ல. கலையோடுதானே இப்படிச் சண்டை போட முடியும்?

மறுபடி ஆடினேன். இந்தத் தடவை அவளை விட்டேன். எச்சரிக்கைச் சீட்டு வந்து விழுந்தது. அடுத்தவன் நீட்டிய தாளை வாங்கினேன். முகத்தைப் பார்க்கவில்லை.