கல்லை அகற்றும் கைகள்

சேலம், நாமக்கல் சமவெளி கவிஞர்களுக்குப் புதிய மண் அன்று. மோகனூரில் 1888ஆம் ஆண்டு பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் அறிந்துகொள்கிறோம். அதே நிலத்தில், திருச்செங்கோட்டை அடுத்த சிற்றூரில் 1966இல் பிறந்த பெருமாள்முருகனைப் பலரும் நாவலாசிரியராகவே அறிவர். அவருடைய கவிதை நூலாகிய ‘கோழையின் பாடல்கள்’ குறித்து ஈண்டுச் சிந்திக்க விழைகிறோம். 2016இல் அது வெளிவந்தபோது இருந்த பரபரப்பு இன்று அடங்கிவிட்டது. ஆகவே, ஒடிந்துபோன மனம் எவ்வாறு மீள்கிறது என்னும் ஒரே கேள்வியோடு அந்நூலை அமைதியாக அணுக முடிகிறது.

பின்னணியைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். பிள்ளைப்பேறற்ற இணையரின் துயரைச் சொல்லும் ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வெளிவந்தது. நான்காண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில், அதற்குக் கடும் எதிர்ப்பு மூண்டது. திருச்செங்கோட்டில் நூற்படிகள் எரிக்கப்பட்டன, கடையடைப்பும் நிகழ்ந்தது. 2015 சனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தையில் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்து அவர் கையொப்பமிட்டார். அதனையடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாகவும், அவன் கடவுள் அல்லன் ஆதலால் உயிர்த்தெழப் போவதில்லை என்றும் முகநூலில் அறிவித்தார். பின்னர்ப் பணியிட மாறுதல் பெற்றுச் சென்னைக்குச் சென்றார். நாவலால் புண்பட்டதாக உணர்ந்தோரின் மனத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆயினும், தாம் பிறந்து வளர்ந்த ஊரின் சினம் ஒரு மனிதரை எந்த அளவுக்கு நொறுக்கக்கூடும் என்பதை அந்நாள்கள் காட்டின.

வளைக்குள் ஒடுங்கிய எலியைப்போல் கிடந்ததாக அக்காலத்தைக் குறித்துப் பின்னாளில் அவரே கூறியுள்ளார். தொடக்கத்தில் எழுதவும் இயலவில்லை, படிக்கவும் இயலவில்லை. பின்னர்க் கவிதைகள் வரத் தொடங்கின. ஏறத்தாழ இருநூறு கவிதைகள். இந்நிலைக்கு ஒரு நோயின் பெயரைச் சூட்ட நமக்கு உரிமையில்லை. நாவலாசிரியர் ஒருவருக்கு அவ்வேளையில் நாவல் கைகொடுக்காமல் கவிதை கைகொடுத்தது ஏன் என்பதே திறனாய்வு கேட்க வேண்டிய கேள்வி. நாவல் எழுத நாளை குறித்த நம்பிக்கை வேண்டும். பிறர் வாழ்வினுள் புகுந்து நடமாடும் வலிமை வேண்டும். மனம் உடைந்தவருக்கு அவ்விரண்டும் இல்லை. கவிதைக்கோ அந்தக் கணம் போதும். ஒரு மூச்சின் அளவே உள்ள வரி, ஒரு மூச்சின் அளவே வலிமை உள்ளவரிடம் வந்து சேர்கிறது.

நூலின் தலைப்பே அதன் திறவுகோல். பிறர் தம்மீது எறியக்கூடிய ‘கோழை’ என்னும் சொல்லை அவர் தாமே எடுத்துச் சூடிக்கொள்கிறார். கோழையால் எவருக்கும் தீங்கு விளைவதில்லை என்னும் எண்ணத்தைத் தலைப்புக் கவிதை அடுக்கடுக்காக வளர்த்துச் செல்கிறது. முதலில் தன்னிரக்கம்போல் தோன்றும் அக்கவிதை, முடிவதற்குள் வீரம் என்று நாம் போற்றுவனவற்றையே கூண்டிலேற்றிவிடுகிறது. வசைச்சொல் அங்கே மனிதர் ஒருவர் மீண்டும் காலூன்றும் இடமாகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். எல்லாக் கவிதைகளும் ஒரே தரத்தன அல்ல. சில நாட்குறிப்பின் எல்லையைத் தாண்டவில்லை. ஒரே வலி மீண்டும் மீண்டும் ஒலிப்பதால் சில இடங்களில் வாசகர் சோர்வுறவும் கூடும். பாதியாகச் சுருக்கியிருந்தால் நூல் செறிவு பெற்றிருக்கும் என்றே கருதுகிறோம். ஆயினும் திருப்பாடல்களைப் படித்துப் பழகிய நமக்கு இது புதிதன்று. நூற்றைம்பது திருப்பாடல்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. எண்பத்தெட்டாம் திருப்பாடலோ புகழ்ச்சிக்குத் திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. யாரோ ஒருவருடைய அந்தத் தனிப்புலம்பலை நீக்கிவிடாமல், தன் பாடலாக ஏற்று வழிவழியாகப் பாடிவருகிறது வழிபடும் சமூகம். மீட்சி அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே, கவிதை மருந்தாகும் என்று எளிதாகச் சொல்லிவிட நாம் துணியவில்லை. ‘ழ’ இதழை நடத்திய கவிஞர் ஆத்மாநாம் நவீனத் தமிழ்க் கவிதையின் சிறந்த குரல்களுள் ஒருவர். மனநோயால் துன்புற்ற அவர், 1984இல் தம் முப்பத்து மூன்றாம் வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நண்பர்கள் இருந்தனர், சிகிச்சை இருந்தது, கவிதையும் இருந்தது. எனினும் அவரைக் காக்க இயலவில்லை. இதில் எவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அவருடைய கவிதைகளைத் தொகுத்துப் பேணிக் காத்தவர் நண்பர் பிரம்மராஜன். நட்பு செய்யக்கூடியது எவ்வளவு, செய்ய இயலாதது எவ்வளவு என்பதை அவ்வாழ்வு நமக்கு அடக்கத்தோடு கற்பிக்கிறது.

பெருமாள்முருகனின் மீட்சியில் பலருடைய கைகள் இருந்தன. பேச இயலாதிருந்த அவருக்காகத் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர் சங்கத்தின் சார்பில் எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். நாமக்கல்லில் எழுதப்பட்ட உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 சூலை 5 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மீண்டும் உயிர்த்தெழுந்து எழுத வேண்டும் என்ற விழைவோடு அத்தீர்ப்பு முடிந்தது. உயிர்த்தெழப் போவதில்லை என்ற சொல்லுக்கு உயிர்ப்பின் சொல்லாலேயே விடை கிடைத்தது.

நாம் அறிந்த இலாசர் நிகழ்ச்சியை இங்கே எண்ணிப் பார்க்கலாம். இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் ஆண்டவர். கல்லை அகற்றும் வேலையையும், வெளியே வந்தவரின் கட்டுகளை அவிழ்க்கும் வேலையையும் அங்கே நின்றவர்களிடம் அவர் ஒப்படைத்தார். உயிர்பெற்று வந்தவரும் கட்டுகளோடுதான் வந்தார் என்பது நம் கவனத்துக்குரியது.

நம் அன்பியக் கூட்டங்களில் கால் முறிந்தவருக்காகவும் புற்றுநோயாளிக்காகவும் பெயர் சொல்லி மன்றாடுகிறோம். மனம் நோயுற்றவரின் பெயர் மட்டும் ஏன் நம் நாவில் எழுவதில்லை? வீட்டார் மறைக்கின்றனர்; பெண்ணுக்கு வரன் அமையாது என்று அஞ்சுகின்றனர். செபம் போதவில்லை என்று சொல்லி அவர்கள் சுமையை நாமே கூட்டுகிறோம். தற்கொலையால் மாண்டோரின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழத்தலாகாது என்றும், திருச்சபை அவர்களுக்காகவும் மன்றாடுகிறது என்றும் 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரின் சிகிச்சையை உரிமையாக்கியுள்ளது. 14416 என்னும் இலவச எண்ணில் அரசின் மனநல ஆலோசனை எந்நேரமும் கிடைக்கிறது. இவற்றை நம் பங்கு மக்களுள் எத்தனை பேர் அறிவர்?

எஞ்சியிருப்பவை சிறிய வேலைகளே. மருத்துவமனைக்குத் துணையாகச் செல்வது, மாத்திரை உட்கொண்டாரா என்று கனிவோடு கேட்பது, பேச்சற்றிருப்பவர் அருகில் அறிவுரை கூறாமல் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பது. அவர் என்றாவது ஒரு வரி எழுதி நீட்டினால், திருத்தாமல் அதைப் படிப்பது. ‘கோழையின் பாடல்கள்’ நூலை நம் வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டும் என விரும்புகிறோம். படித்து முடித்தபின், நம் தெருவில் சாத்தியே கிடக்கும் கதவு ஒன்றைத் தட்டிப் பார்க்க வேண்டும் எனவும் விரும்புகிறோம்.