சோதனைக்குழாயைக் கழுவியவள்

பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் எனக்கு முழு மதிப்பெண். அந்த ஆண்டு முழுவதும் நான் ஒரு சோதனைக்குழாயைக்கூடச் சூடாக்கியதில்லை.

எங்கள் மேசையில் ஆறு பேர். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைப்பதும் அமிலத்தை ஊற்றுவதும் இரண்டு பையன்களின் வேலை. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ரெக்கார்டு நோட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. என் நோட்டோடு அந்தப் பையன்களின் நோட்டையும் சேர்த்தே எழுதினேன். காலனியிலிருந்து வந்த தோழி குழாய்களைக் கழுவி ஸ்டாண்டில் கவிழ்த்து வைப்பாள். இன்னொருத்தி வாளியில் தண்ணீர் எடுத்து வருவாள். கண் சரியாகத் தெரியாத ஒரு பையன் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். ‘உனக்கெதுக்குப்பா ஆசிட்டெல்லாம்’ என்று அன்பாகத்தான் சொன்னார்கள். யாரும் யாருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்ததாக நினைவில்லை. ஆவூரில் எங்கள் வீடுகளிலும் தெருக்களிலும் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்ததுதான் ஆய்வக மேசைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

வருகைப் பதிவேட்டில் ஆறு பேரும் இருந்தோம். இன்றைய கல்வி மொழியில் அது ‘உள்ளடக்கிய வகுப்பறை’. அந்தச் சொல்லுக்குள்ளேயே ‘அடக்கு’ என்று ஒரு வினை இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? உள்ளே விடுவார்கள், அடங்கி இருக்க வேண்டும். சட்டம் கேட்பது இதைவிட அதிகம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உள்ளடக்கிய கல்வி என்றால் மாற்றுத்திறன் உள்ள மாணவர்களும் இல்லாத மாணவர்களும் சேர்ந்து படிப்பது, அதற்கேற்பக் கற்பிக்கும் முறையும் மாற்றப்படுவது என்கிறது. சேர்ந்து உட்கார்வது பாதிதான். மீதிப் பாதி முறையை மாற்றுவது. நம் பள்ளிகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன.

‘பெண்கள்தான் ஒவ்வோர் ஆண்டும் அதிகம் தேர்ச்சி பெறுகிறார்களே, இதில் என்ன குறை?’ என்று கேட்பார்கள். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் மாணவிகளின் தேர்ச்சி விழுக்காடு மாணவர்களுடையதைவிட அதிகமாக இருப்பது உண்மைதான். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் தேர்ச்சி விழுக்காடு நினைவாற்றலையும் பொறுமையையும் அளக்கிறது. யார் கை கருவியைத் தொட்டது, யார் கேள்வி கேட்டது என்பதை அது அளப்பதில்லை. அறிவியலுக்கான 100 மதிப்பெண்ணில் 25 செய்முறைக்கு உரியது. பெரும்பாலான பள்ளிகளில் அதை எல்லாருக்கும் தாராளமாகப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தாராளம் பெண்களுக்குச் செய்யும் தீங்கை நாம் பேசுவதில்லை. செய்யாத சோதனைக்கு முழு மதிப்பெண் வாங்கியவளால் ‘என்னைச் செய்யவிடவில்லை’ என்று யாரிடமும் முறையிட முடியாது.

பாடப்புத்தகத்தை மட்டும் குற்றம் சொல்வதும் சரியில்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. மாதவிடாய்ச் சுழற்சியும் இருக்கிறது. எங்களுக்கு அந்தப் பாடம் மகரந்தச் சேர்க்கையோடு முடிந்தது. ‘மீதியை வீட்டில் படிச்சுக்குங்க, கேள்வி வரும்’ என்றார்கள். எந்த வீட்டில்? மூன்று நாள் பாயைத் தனியாகப் போட்டுப் படுக்கச் சொல்லும் வீட்டிலா? அறிவியல் தன் கடமையைச் செய்ய வேண்டிய ஒரே இடத்தில் அது வெட்கப்பட்டு விலகிக்கொண்டது. பையன்களும் அன்று இழந்தார்கள். தன் தங்கையின் உடலைப் பற்றிக் கேலியின் வழியாக மட்டுமே தெரிந்துகொண்டவனும் வெளியே நிறுத்தப்பட்டவன்தான்.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் ஒரு வரலாறு உண்டு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, மன்னர் கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பது ஒரு காரணம், தாயின் தேவதாசி மரபு இன்னொன்று. மன்னர் அனுமதித்தார். அவர் 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இந்தக் கதையை நாம் எப்படிச் சொல்கிறோம்? ஒரு மன்னரின் பெருந்தன்மை, ஒரு பெண்ணின் மேதைமை என்று. ஒருத்தி நுழைவதற்கு அரச ஆணையே தேவைப்பட்டது என்றால் அந்தக் கல்விக்கூடத்தின் வாசல் எவ்வளவு குறுகியது என்ற கேள்வி அதில் காணாமல் போகிறது. வகுப்பறைச் சுவரில் மேரி க்யூரி படத்தை ஒட்டுவதிலும் இதே சிக்கல் இருக்கிறது. மேதைகளுக்கு விதிவிலக்கு கிடைக்கும். சராசரி மதிப்பெண் எடுக்கும் சராசரிப் பெண்ணுக்கு விதியே மாற வேண்டும்.

விதி மாறியதையும் இதே மாவட்டம் பார்த்திருக்கிறது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். எழுத்தறிவோடு சைக்கிளும் சேர்ந்து வந்தது. கல்குவாரியில் உழைத்த பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். சைக்கிளைப் பற்றிய பாடத்தை அவர்கள் மனப்பாடம் செய்யவில்லை. ஏறினார்கள், விழுந்தார்கள், ஓட்டினார்கள். அதே 1991இல்தான் அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் சாண்ட்ரா ஹார்டிங் ‘யாருடைய அறிவியல்? யாருடைய அறிவு?’ என்ற கேள்வியைத் தன் நூலின் தலைப்பாகவே வைத்தார். அந்தக் கேள்விக்குப் புதுக்கோட்டைச் சாலைகளில் ஒரு பதில் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளி ஆய்வகம்தான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

2022 நவம்பரில் அரசு வானவில் மன்றத்தைத் தொடங்கியது. கருவிகளோடு பள்ளிக்கு வந்து மாணவர்களைச் சோதனை செய்யவைக்கும் நல்ல முயற்சி. ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பில், பொதுத்தேர்வின் நிழல் விழுந்ததும், மறுபடி நோட்டும் வரைபடமும். வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்குவதும், அடுத்து எந்தப் பாடப்பிரிவு என்று முடிவாவதும் அந்த வயதில்தான். கை பழக வேண்டிய நேரத்தில் கையைக் கட்டிவிடுகிறோம்.

அடுத்த மாதம், 2022 டிசம்பரில், வேங்கைவயலில் தலித் மக்களின் மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகுதான் தெரியவந்தது. விசாரணையில் டி.என்.ஏ. சோதனைக்காக ரத்த மாதிரிகள் எடுக்கப்பட்டன. அந்தத் தண்ணீரைக் குடித்த குடியிருப்பிலிருந்தும் எடுக்கப்பட்டன. டி.என்.ஏ.வின் அமைப்பு பத்தாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு அது ஒரு தேர்வுக் கேள்வி. சிலருக்கு அது தங்கள் ஊர்க்காரர்களின் கையில் குத்தப்பட்ட ஊசி. ஒரு சிறுமி அறிவியலை முதன்முதலில் தன் மீது நடத்தப்படும் ஒன்றாகச் சந்திக்கிறாள் என்றால், அவளை உள்ளடக்கிவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? தன் தெருத் தொட்டித் தண்ணீரைத் தானே சோதித்துப் பார்க்கக் கற்றவளிடம்தான் அறிவியல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவையும் அல்ல. பற்றவைப்பவர், எழுதுபவர், கழுவுபவர் என்ற வேலைகள் வாரந்தோறும் மாறட்டும்; அதை ஆசிரியரே பலகையில் எழுதிப்போடட்டும். குழுவைத் தெருவும் நட்பும் முடிவு செய்ய விடக்கூடாது. பார்வைக் குறைபாடு உள்ளவர் அமிலத்தையும் காரத்தையும் வெங்காயத்தின் வாசனையால் பிரித்தறிய முடியும். காரத்தில் அந்த வாசனை மறைந்துவிடும். இனப்பெருக்கப் பாடத்தை ஆணும் பெண்ணும் ஒரே அறையில், முழுவதுமாகக் கேட்க வேண்டும்.

மஞ்சள் கறை சோப்புப் பட்டால் சிவக்கும் என்பது துணி துவைக்கும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அதுதான் நிறங்காட்டி. அடுப்படியை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள் என்று நானும் சொல்வேன். ஒரு நிபந்தனை: அந்தச் சோதனையில் துணியைத் துவைப்பவன் ஆணாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுப்படி மறுபடியும் எங்கள் தலையிலேயே விடியும்.

அந்தத் தோழி பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். எங்கள் மேசையில் ஒரு குழாயும் உடைந்ததில்லை, அவ்வளவு கவனமான கை. அந்தக் கையில் ஒருமுறையாவது விளக்கைக் கொடுத்திருக்கலாம். கொடுக்காதவர்களில் நானும் ஒருத்தி. நான் அழகாக நோட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.