குடியேற்ற வரலாறும் ஒரு நாவலும்

கடல் கடந்து சென்றோரின் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும்போது பெரும்பாலும் தோட்டத்தில் தொடங்கித் தோட்டத்திலேயே முடித்துவிடுகின்றனர். ஆங்கிலேயர் மலாயாவில் இரப்பர் பயிரிட்டனர், கங்காணி ஆள் சேர்த்தான், தமிழர் சென்றனர். சொன்னதில் பொய் இல்லை. ஆயினும் பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தோன்றியது 1801இல். சிங்கப்பூரில் சூலியாப் பள்ளிவாசல் தோன்றியது 1826இல். இரப்பர்த் தோட்டங்கள் பெருகியதோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இடைப்பட்ட காலத்தில் வணிகராகவும் படகோட்டிகளாகவும் நாணயம் மாற்றுவோராகவும் வாழ்ந்தவர்கள் பாடநூலில் எங்கே போயினர்? 1887இல் மகுதூம் சாயபு சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார் என்றால், அதைப் படிப்பதற்கும் அங்கே ஆட்கள் இருந்தார்கள் அன்றோ!

(‘கிளிங்’ என்னும் சொல் பள்ளிவாசலின் பெயரில் மதிப்புடன் நிற்கிறது, அதே சொல் பின்னாளில் வசையாகவும் ஆயிற்று. இதையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லவேண்டும்.)

பாடநூல் விட்டதை இலக்கியத்தால் நிரப்பலாம் என்போர், ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைச் சுட்டுவர். நாமும் அக்கட்சியினரே. 1938இல் மேடானுக்குச் சென்று, போர் முடிந்தபின் 1946இல் ஊர் திரும்பியவர் சிங்காரம். 1972இல் நூலாக வெளிவந்த இந்நாவலில் மேடானும் பினாங்கும் வரைபடத்துப் புள்ளிகளாக இல்லை. வட்டிக்கடையின் மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் நடமாடும் தெருக்களாக இருக்கின்றன. சப்பானியர் வருகையால் ஒரே நாளில் அந்த வாழ்வு தலைகீழாவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தமிழ் நூலை நாம் அறியோம். அந்நிய மண்ணில் நின்றுகொண்டே மதுரைத் தெருக்களையும் சின்னமங்கலத்துச் சந்தையையும் பாண்டியன் நினைத்துப் பார்க்கும் பக்கங்களைப் படித்த மாணவன், குடியேறியவன் ஊரை விட்டுவிடவில்லை என்பதைத் தானே உணர்வான்.

எனினும் இந்நூல் ஒன்றே போதும் என நாம் ஒப்பமாட்டோம். அது ஆண்களின் உலகம். ஊரில் காத்திருந்த பெண்ணின் குரல் அதில் மிகக் குறைவு. நம் கடலோர ஊர்களிலோ ‘சபர்’ என்ற சொல் பயணத்தை மட்டும் குறிக்கவில்லை. சபராளியின் வீட்டில் ஒரு சபருக்கும் அடுத்த சபருக்கும் இடையே பெண் தனியே பிள்ளை வளர்த்தாள், கடனை அடைத்தாள், மாமியாருக்கு மருந்து வாங்கினாள். வந்த கடிதத்தைப் பிறரைக்கொண்டு படிக்கச் செய்து, சொல்ல விரும்பியதைச் சொல்லாமலே பதில் எழுதுவித்தவர்களும் இருந்தனர். இவர்களை விட்டுவிட்டு எழுதும் குடியேற்ற வரலாறு பாதிதான்.

மற்றொரு பெருங்குறை, திரும்பி வந்தோரைப் பற்றிய மௌனம். 1968இல் மலேசியா வேலைக்கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தபின், குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச்சீட்டுத் தேவைப்பட்டது. ஆண்டுகள் பல அங்கே கழித்தவர்கள் திடீரெனத் திரும்பினர். பெற்ற பிள்ளைகளே அவர்களைப் புதியவர்களாகப் பார்த்தனர். இதை எழுதிய பாடநூல் எதுவும் நம் கண்ணில் படவில்லை.

1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பல் 1970களின் முற்பகுதிவரை இக்கடலில் ஓடியது. அதில் பயணம் செய்தவர்கள் இன்று முதியோர், ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். ஆசிரியர் ஒருவர் ஒரு வகுப்பை ஒதுக்கி, பாட்டியிடம் கேட்டு எழுதி வாருங்கள் என்று மாணவரை அனுப்பினால், நாவலாசிரியன் எழுதாமல் விட்ட பக்கங்கள் கிடைக்கும். பெட்டியடியில் கிடக்கும் பழைய கடிதங்களைக் கறையான் அரிப்பதற்குள் அனுப்பவேண்டும்.