சைதில்யம்: பொருளும் ஆட்சியும்

'சிதிலம்' என்றால் இன்று இடிந்த மதிலும் புதர் மண்டிய மண்டபமுமே நினைவுக்கு வருகின்றன. அந்நினைவோடு ஈடு முதலிய வ்யாக்யானங்களைப் பயில்பவர், ஆழ்வார் சிதிலரானார் என்பதற்குச் 'சிதைந்து போனார்' என்றே பொருள்கொள்ள நேரும். எளிய நடையில் பொருள் எழுதுவோரும் அப்பக்கமே சாய்வர்.

வடமொழியில் இச்சொல்லின் முதற்பொருள் தளர்ந்தது, நெகிழ்ந்தது என்பதே. அவிழ்ந்த முடிச்சு சிதிலம். முறிந்த கோல் அன்று. தமிழின் 'சிதை' என்னும் வினையோடு இதற்குப் பிறப்புறவு இல்லை. ஒலியொப்புமை மயக்கத்தை வளர்க்கிறது.

முதற்பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில், கண்ணன் உரலோடு கட்டுண்ட எளிமையை நினைந்து ஆழ்வார் ஆறு மாதம் மோஹித்துக் கிடந்தார் என்பது ஸம்ப்ரதாயம். அவன் கட்டுண்டிருக்க, இவருடைய கரணங்கள் கட்டவிழ்ந்தன. ஆயினும் மோஹம் தெளிந்தபின் அவர் விட்ட இடத்திலிருந்தே பாடினார். சிதைந்ததற்கு அது கூடுமோ?

பிரிவாற்றாமையில் உடல் மெலிவதும் சைதில்யமே. அங்கே சிதைவுப்பொருள் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் இரண்டாம் பத்தின் முதல் திருவாய்மொழியில் பராங்குசநாயகி நாரையையும் கடலையும் நந்தாவிளக்கையும் தன் நோய்க்குக் கூட்டாகக் கண்டு இரங்குகிறாள். சிதைந்த உள்ளத்துக்குப் பிறர் துயரம் தென்படாது. வளையும் இவ்வாறே: கைமெலிந்து கழல்கிறது, உடைவதில்லை.

இச்சொல்லின் முழு ஆழம் புலப்படுவது மூன்றாம் பத்தின் எட்டாம் திருவாய்மொழியில். நெஞ்சும் வாக்கும் கையும் கண்ணும் செவியும் தனித்தனி சேதநர்போல் நின்று, ஒன்றன் தொழிலை மற்றொன்று விரும்புகின்றன. பிரிந்து போதல் என்றால் இதைவிட வேறில்லை. எனினும் எக்கரணமும் மங்கவில்லை. ஒவ்வொன்றும் தன் அளவை மீறி விடாய்க்கிறது.

இது வெறும் அகராதிச் சிக்கல் அன்று. ஸ்ரீவசநபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் ப்ரபந்நரை மூவகையாக்கி, அஜ்ஞாநத்தால் ப்ரபந்நர் நம்போல்வார் என்றும், ஜ்ஞாநாதிக்யத்தால் ப்ரபந்நர் பூர்வாசார்யர்கள் என்றும், பக்திபாரவச்யத்தால் ப்ரபந்நர் ஆழ்வார்கள் என்றும் வகுத்தார். பக்தி மிகுதியால் கரணங்கள் நெகிழ, ஸாதநாநுஷ்டாநத்துக்கு ஆள் இல்லாமற் போவதே அந்தப் பாரவச்யம். சைதில்யத்தைச் சிதைவு என்று படித்தால் ஆழ்வாருடைய இயலாமை ஒரு குறைவாகி, மூன்றாம் வகை முதல் வகையில் விழுந்துவிடும். நிறைந்து வழிவதும் வற்றிக் கிடப்பதும் ஒன்றாகா.

'கட்டுக்குலைதல்', 'நெகிழ்தல்' என்னும் தமிழ்ச்சொற்கள் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். 'உருகுதல்' பலரும் விரும்புவது; ஆயினும் உருகினவை ஒன்றாய்க் கலந்துவிடும், மூன்றாம் பத்திலோ அவை பிரிந்தே நிற்கின்றன. அவ்விடத்தில் சைதில்யம் என்ற சொல்லையே வைத்துப் பொருளை விளக்குவது தகும்.